காலைல மட்டும் ஸ்டார்ட்டிங் ட்ரபிள், நாலு இன்ஜெக்டரும் மாத்தணும்கிறாங்க, நிஜமாவே தேவையா?

வேன்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். என்கிட்ட இருக்கறது நாலு சிலிண்டர் காமன் ரெயில் டீசல் வேன், அதாவது டீசல ஹை பிரஷர்ல ஒரு பொது குழாய்ல (ரெயில்) தேக்கி, அங்க இருந்து சிலிண்டருக்குள்ள பீய்ச்சற இன்ஜெக்டர்களுக்கு அனுப்பற வகை. மூணு வாரமா காலைல முதல் தடவை ஸ்டார்ட் பண்றப்ப செல்ஃப் பத்து பதினஞ்சு செகண்ட் அடிச்சாத்தான் எடுக்குது, எடுத்ததும் ஒரு அரை நிமிஷம் குலுங்கும், அப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடும். நாள் பூரா எத்தனை தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணாலும் தொட்டதும் ஸ்டார்ட். புல்லிங் குறையல, மீட்டர்ல எந்த லைட்டும் எரியல. ஒர்க்ஷாப்ல காட்டினேன், பானெட்ட தூக்கி பார்த்துட்டு நாலு இன்ஜெக்டரும் போச்சு, மொத்தமா மாத்திடலாம்னு சொல்லிட்டாங்க, டெஸ்ட்னு எதுவும் பண்ணல. வண்டிதான் எனக்கு சோறு போடுது, அதனால செலவு பண்ண தயங்கல, ஆனா தப்பான இடத்துல செலவு பண்ணிடுவேனோன்னு மனசு கேக்கல. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பழைய ஸ்பேனர்:

தம்பி, அவசரப்படாதீங்க. இன்ஜெக்டர்ல கை வைக்கறது கடைசி வேலை. முதல்ல நாலு கேள்விக்கு பதில் சொல்லுங்க. ஒண்ணு, இது ஆரம்பிச்சதுக்கு கொஞ்ச நாள் முன்னாடி டீசல் ஃபில்டர் மாத்தினீங்களா? ரெண்டு, ராத்திரி வண்டி எப்படி நிக்குது, மூக்கு மேட்டுப்பக்கமா இல்ல சமமாவா? மூணு, காலைல செல்ஃப் அடிக்கறப்ப சைலன்சர்ல வெள்ளைப்புகை வருதா, இல்ல புகையே இல்லையா? நாலு, ஃபில்டர் அடில இருக்கற தண்ணி திறக்கற திருகை கடைசியா எப்ப திறந்தீங்க?

மூணாவது கேள்விதான் எனக்கு முக்கியம். செல்ஃப் அடிக்கறப்ப வெள்ளைப்புகை கிளம்புதுன்னா டீசல் சிலிண்டருக்குள்ள போகுது, எரிய மாட்டேங்குதுன்னு அர்த்தம், அப்ப சிலிண்டர சூடாக்கற ஹீட்டர் பிளக், கம்ப்ரஷன் பக்கம் போகணும். புகையே வரலைன்னா டீசலே போய்ச் சேரல. ரெண்டும் வேற வேற வியாதி.

ஸ்கேனர் கை:

அண்ணன் கேட்டதோட இன்னொண்ணு சேத்துக்கங்க. தேஞ்சு போன இன்ஜெக்டர் பெரும்பாலும் சூட்டுலதான் மாட்டும். இன்ஜின் சூடானா டீசல் தண்ணி மாதிரி இளகிடும், தேஞ்ச இடுக்கு வழியா டேங்குக்கு திரும்பற ரிட்டர்ன் குழாய்ல இன்னும் வேகமா ஒழுகும், ரெயில்ல பிரஷர் ஏறாது, மத்தியானம் வண்டிய நிறுத்திட்டு திரும்ப எடுக்கறப்ப அடம் பிடிக்கும். உங்களுக்கு நேர் எதிரா இருக்கு, ராத்திரி நின்னாத்தான் பிரச்சனை. அதனால நாலும் ஒரே நாள்ல போச்சுங்கறத என்னால ஏத்துக்க முடியல.

காமன் ரெயில்ல கம்ப்யூட்டர் ஒரு குறைஞ்சபட்ச பிரஷர் வந்தாத்தான் இன்ஜெக்டர திறக்கும், வண்டிக்கு வண்டி மாறும், சுமார் 200, 250 பார்னு வச்சுக்கங்க. ஸ்கேனர மாட்டிட்டு காலைல செல்ஃப் அடிக்கறப்ப ரெயில் பிரஷர் எப்படி ஏறுதுன்னு பாருங்க. பத்து செகண்ட் சும்மா கிடந்துட்டு அப்புறம் திடீர்னு ஏறுதுன்னா பம்ப்புக்கு டீசல் லேட்டா வருது. தொடக்கத்துல இருந்தே கொஞ்சம் கொஞ்சமா திணறி ஏறுதுன்னா எங்கயோ ஒழுகுது.

வேன்காரன்:

ஃபில்டர் மாத்தி சரியா மூணு வாரம் ஆகுது. நீங்க கேட்டப்புறம்தான் அந்த கணக்கே எனக்கு உறைச்சுது. வீட்டு முன்னாடி சாய்வு, மூக்கு மேட்டுப்பக்கமாத்தான் நிறுத்துவேன். போன வாரம் ரெண்டு நாள் வேற இடத்துல சமமா நிறுத்தினப்ப கொஞ்சம் சீக்கிரம் எடுத்துச்சு, அப்ப நான் அத கவனிக்கல. புகை நாளைக்கு பாத்து சொல்றேன். தண்ணி திறக்கற திருகு, உண்மைய சொல்றேன், இதுவரைக்கும் திறந்ததே இல்ல.

பழைய ஸ்பேனர்:

அப்ப பாதி விஷயம் தெரிஞ்சு போச்சு. ஃபில்டர் மாத்தின கையோட ஆரம்பிச்ச ட்ரபிள், மூக்கு தூக்கி நின்னா அதிகம், சமமா நின்னா கம்மி. எங்கயோ ஒரு இடத்துல காத்து உள்ள போகுது, ராத்திரியில லைன்ல இருக்கற டீசல் மெல்ல டேங்குக்கே திரும்பி இறங்கிடுது, காலைல பம்ப் வெறும் குழாய உறிஞ்சிட்டு இருக்கு.

இதுல எல்லாரும் ஏமாறுற இடம் ஒண்ணு இருக்கு. டேங்க்ல இருந்து பம்ப் வரைக்கும் உறிஞ்சற பக்கம், அதுல லீக் இருந்தா டீசல் வெளிய சொட்டாது, காத்துதான் உள்ள போகும். அதனால கீழ குனிஞ்சு பாத்துட்டு எங்கயுமே ஈரம் இல்ல, லீக் இல்லன்னு முடிவு கட்டிடுவாங்க. டேங்குக்குள்ள கரண்ட் பம்ப் இருக்கற வண்டில நிலைமை வேற, அங்க ஓடறப்ப லைன்ல பிரஷர் இருக்கும், லீக்னா வெளிய சொட்டும், தெரிஞ்சிடும்.

நாளைக்கு காலைல சாவிய தொடாதீங்க. ஃபில்டர் பக்கத்துல ரப்பர் பல்ப் மாதிரியோ, தலைல அமுக்கற மாதிரியோ கை பம்ப் இருக்கும். அத கல்லு மாதிரி கெட்டியாகற வரைக்கும் அமுக்குங்க. அப்புறம் ஸ்டார்ட் பண்ணுங்க. தொட்டதும் எடுத்துச்சுன்னா இன்ஜெக்டர் குற்றமில்ல, வழக்கு முடிஞ்சுது.

நெடுஞ்சாலை:

இருபது வருஷத்துக்கு மேல கனரக வண்டி ஓட்டறேன். இதுக்கு இவ்வளவு யோசிக்கவே வேணாம், இன்ஜெக்டர் பைப் நட்ட லேசா லூஸ் பண்ணி செல்ஃப் அடிச்சு காத்த எடுத்துட்டு திரும்ப டைட் பண்ணா போதும். நாங்க ரோட்டுல எத்தனையோ தடவை பண்ணிருக்கோம்.

பழைய ஸ்பேனர்:

தம்பி, உங்க அனுபவத்துக்கு மரியாதை குடுத்துதான் சொல்றேன், இத தயவு செஞ்சு காமன் ரெயில் வண்டில யாரும் பண்ணாதீங்க. பழைய லைன் பம்ப் வண்டில நாசில் (இன்ஜெக்டர் முனை) திறக்கற பிரஷர் 120ல இருந்து 250 பார் வரைக்கும், அதுலயே கை வைக்கக்கூடாதுன்னு எங்க மேஸ்திரி அடிச்சு சொல்லிக்குடுத்தார். இப்ப வர்ற வண்டில 1600, 2000 பார், அதுக்கும் மேல போகுது. கார் டயர்ல இருக்கற காத்தோட ஒப்பிட்டா கிட்டத்தட்ட ஆயிரம் மடங்கு. அந்த பிரஷர்ல மயிரிழை மாதிரி பீய்ச்சற டீசல் தோல ஊசி மாதிரி துளைச்சுட்டு உள்ள போயிடும். வெளிய பாத்தா சின்ன புள்ளி, வலிகூட மொதல்ல பெருசா இருக்காது, உள்ள சதை அழுகிட்டே போகும், உடனே ஆப்பரேஷன் பண்ணலைன்னா விரலயே எடுக்க வேண்டி வரும். அப்படி பட்டுச்சுன்னா வலி இல்லன்னு வீட்டுக்கு போகாதீங்க, நேரா ஆஸ்பத்திரிக்கு போய் டீசல் பிரஷரோட உள்ள போயிருச்சுன்னு அந்த வார்த்தைய சொல்லுங்க.

இன்ஜின நிறுத்தின உடனே ரெயில்ல பிரஷர் பூஜ்யமாகிடாது, மேனுவல்ல சொன்ன நேரம் காத்திருந்துட்டுத்தான் ஹை பிரஷர் பக்கம் ஸ்பேனர் போடணும். பல கம்பெனில ஒருதடவை கழட்டின ஹை பிரஷர் பைப்ப திரும்ப மாட்டக்கூடாது, புதுசு போடணும்னே எழுதிருக்கும்.

காத்து எடுக்கறதெல்லாம் கை பம்ப்லயும், ஃபில்டர் தலைல இருக்கற சின்ன திருகுலயும் மட்டும்தான்.

நெடுஞ்சாலை:

சரிங்க அண்ணே, நான் சொன்னது பழைய வண்டிக்கு. புது வண்டிக்கு அது பொருந்தாதுன்னு இப்ப புரியுது, என் பதிவ பாத்துட்டு யாரும் பண்ணிட வேணாம்.

வேன்காரனுக்கு எனக்கு நடந்த ஒண்ணு சொல்றேன், வேற மாதிரி கேஸ் ஆனா டீசல் லைன்தான். ஒரு வண்டி ஒரு மணி நேரம் நல்லா ஓடும், அப்புறம் புல்லிங் செத்துப்போய் மெல்ல நின்னுடும். கால் மணி நேரம் நிறுத்தினா திரும்ப ஓடும். ஃபில்டர் மாத்தினோம், பம்ப்ப இறக்கி டெஸ்ட் பண்ணோம், ஒண்ணும் இல்ல. ஒருநாள் நின்ன இடத்துல தற்செயலா டேங்க் மூடிய திறந்தேன், புஸ்ஸுனு காத்த உள்ள இழுத்துச்சு. மூடில காத்து போற ஓட்டை மண்ணு அடைச்சிருக்கு. டீசல் குறைய குறைய அந்த இடத்துக்கு காத்து வரணும்ல, வரலைன்னா டேங்குக்குள்ள வெற்றிடம் ஆகி பம்ப்போட மல்லுக்கட்டுது. ஓட்டைய சுத்தம் பண்ணேன், அதோட சரி. பம்ப் இறக்கினதெல்லாம் வீண். அதுல இருந்து வண்டி திணறினா நான் முதல்ல திறக்கறது டேங்க் மூடிதான்.

வேன்காரன்:

காலைல அண்ணன் சொன்ன மாதிரியே பண்ணேன். கை பம்ப் முதல்ல கொழகொழன்னு இருந்துச்சு, முப்பது தடவைக்கு மேல அமுக்கினப்புறம்தான் கெட்டியாச்சு. சாவிய திருப்பினேன், ரெண்டே செகண்ட்ல ஸ்டார்ட், குலுக்கலும் இல்ல! மறுநாள் கை பம்ப் தொடாம அடிச்சேன், பழையபடி பன்னெண்டு செகண்ட், சைலன்சர்ல புகையே இல்ல. கையெல்லாம் நடுங்குச்சு, நாலு இன்ஜெக்டர் மாத்த நான் தேதி குறிச்சிட்டு வந்திருந்தேன்.

இப்ப காத்து எந்த வழியா போகுதுன்னு எப்படி கண்டுபிடிக்கறது?

ஸ்கேனர் கை:

ஃபில்டருக்கும் பம்ப்புக்கும் நடுவுல டீசல் தாங்கற ஒரு கண்ணாடி மாதிரி தெரியற ஓஸ் ஒரு அடி நீளம் மாட்டுங்க. இன்ஜின ஓட விட்டு பாருங்க. ஸ்டார்ட் ஆனதும் ஒண்ணு ரெண்டு குமிழி வந்தா பரவால்ல, நிக்காம சரம் சரமா ஓடுச்சுன்னா காத்து வருது. அப்புறம் அதே ஓஸ கழட்டி ஃபில்டருக்கு முன்னாடி, டேங்க் பக்கம் மாட்டுங்க. அங்க குமிழி இல்ல, இங்க இருக்குன்னா குற்றவாளி ஃபில்டர் தலைதான். ஃபில்டர் மாத்தறப்ப பழைய ஓ ரிங்க (இடுக்க அடைக்கற ரப்பர் வளையம்) எடுக்காம மேலயே புதுச வச்சிடுவாங்க, இல்ல ரிங் முறுக்கிக்கும், இல்ல டீசல் தடவாம காஞ்ச ரிங்க போட்டு இறுக்குவாங்க, அது கிழியும். பேஞ்சோ போல்ட் (நடு ஓட்டை வழியா டீசல் போற போல்ட்) இருந்தா ரெண்டு பக்க காப்பர் வாஷரும் புதுசா போடுங்க, ஒருதடவை நசுங்கின வாஷர் ரெண்டாவது தடவை அடைக்காது.

பாக்கறதுக்கு மட்டும்தான் அந்த ஓஸ், வேலை முடிஞ்சதும் கழட்டி கம்பெனி ஓஸ் போட்ருங்க. சூட்டுல அது நாளடைவுல இறுகி வெடிச்சிடும்.

டிராக்டர் வீடு:

இழைய முதல்ல இருந்து படிச்சிட்டு வர்றேன், ரொம்ப உபயோகமா இருக்கு. எங்க வீட்டு டிராக்டர்க்கு டீசல் பேரல்ல வாங்கி வச்சுதான் ஊத்தறோம். ஃபில்டர் மாத்தறப்ப புது ஃபில்டர்ல டீசல் நிறைய ஊத்தி மாட்டணும்னு அப்பா சொல்வார், ஊத்தக்கூடாதுன்னு இன்னொருத்தர் சொல்றார். எது சரி?

பழைய ஸ்பேனர்:

அம்மா, அப்பா சொன்னது அந்த காலத்து வண்டிக்கு பெரிய தப்பில்ல. இப்ப அது ஆபத்து. ஃபில்டர்ல டீசல் வெளிப்பக்க ஓட்டைகள் வழியா உள்ள போய், பேப்பர்ல வடிகட்டி, நடு ஓட்டை வழியா வெளிய வரும். நீங்க பேரல்ல இருந்து எடுத்து நடு ஓட்டைல ஊத்தினா அந்த டீசல் வடிகட்டாமலே நேரா பம்ப்புக்கு போயிடும். காமன் ரெயில் இன்ஜெக்டருக்குள்ள ஊசிக்கும் அதோட கூட்டுக்கும் நடுவுல இருக்கற இடைவெளி ரெண்டு மூணு மைக்ரான்தான், தலைமுடி தடிமன் சுமார் 70 மைக்ரான். கண்ணுக்கே தெரியாத ஒரு மணல் தூள் அதுக்கு பாறாங்கல்லு. அதனால காலியா மாட்டிட்டு கை பம்ப்ல நிரப்புங்க, கை பம்ப் இல்லாத வண்டில சாவிய ஆன் பண்ணி சில செகண்ட் விட்டு ஆஃப் பண்ணி, அப்படி நாலஞ்சு தடவை பண்ணா டேங்க் பம்ப் தானா நிரப்பிடும். வெளிப்பக்க ஓட்டைல சுத்தமான டீசல் ஊத்தறது தப்பில்ல, ஆனா கை தவறிடும், நான் பண்ணமாட்டேன்.

பேரல் என்ன பேரல்? ஜிங்க் பூசின தகர பேரலா?

டிராக்டர் வீடு:

ஆமாங்க ஐயா, ஜிங்க் பூசினதுதான். துரு பிடிக்காதுன்னு பாத்து வாங்கினோம்.

ஸ்கேனர் கை:

அத மாத்திருங்க. டீசல்ல இருக்கற ஆசிட் ஜிங்க்கோட சேந்து சோப்பு மாதிரி ஒண்ண உண்டாக்கும், அது டீசல்லயே கரைஞ்சு ஃபில்டரையும் தாண்டி போய் நாசில் ஓட்டைல படியும். செம்பு பித்தளையும் வேணாம், டீசல் சீக்கிரம் கெட்டுப்போகும். டீசலுக்குன்னே வர்ற பிளாஸ்டிக் டேங்க், இல்ல பூச்சு இல்லாத சாதா இரும்பு பேரல் போதும். பேரல ஒரு பக்கம் லேசா சாய்ச்சு வச்சு, அடில ஒரு சாண் உயரத்துக்கு மேல இருந்து எடுங்க. தண்ணியும் கசடும் பள்ளமான மூலைல தங்கிடும், அத அப்பப்ப தனியா இறக்கிடுங்க.

வேன்காரன்:

அப்டேட். ஃபில்டருக்கு முன்னாடி குமிழி இல்ல, பின்னாடி சரம் சரமா ஓடுச்சு. ஃபில்டர் தலைய கழட்டினா ஓ ரிங் ஒரு இடத்துல முறுக்கி நசுங்கி வெட்டுப்பட்டிருக்கு. புது ரிங்ல டீசல் தடவி மாட்டினேன். நாலு நாளா சாய்வுல மூக்கு தூக்கி நிறுத்தறேன், கை பம்ப் தொடாமலே ரெண்டு செகண்ட்ல எடுக்குது.

கழட்டினதோட கழட்டினதா அடி திருக திறந்து ஒரு கண்ணாடி பாட்டில்ல புடிச்சேன். அரை மணி நேரம் அப்படியே வச்சிருந்தேன், கீழ ரெண்டு விரல் கனத்துக்கு தண்ணி தனியா நிக்குது. அதைவிட பயமா இருந்தது, தண்ணிக்கும் டீசலுக்கும் நடுவுல கறுப்பா வழவழன்னு பாசி மாதிரி ஒரு படலம். ஒரு மாதிரி அழுகின நாத்தம். அது என்னங்க?

பழைய ஸ்பேனர்:

பாசி மாதிரி இல்ல தம்பி, உயிருள்ளதுதான். பூஞ்சையும் பாக்டீரியாவும். அதுக்கு குடியிருக்க தண்ணி வேணும், திங்க டீசல் வேணும், ரெண்டும் தொட்டுக்கற அந்த கோட்டுலதான் வளரும். அது விடற ஆசிட்ல டேங்க் அடி அரிக்கும், செத்த கூடு வந்து ஃபில்டர அடைக்கும். ஃபில்டர் மாத்தின கொஞ்ச நாள்லயே திரும்ப அடைக்குதுன்னு யாராவது சொன்னா நான் முதல்ல இதத்தான் சந்தேகப்படுவேன்.

பயோடீசல் கலந்த டீசல் தண்ணிய கொஞ்சம் கூடுதலா புடிச்சு வச்சுக்கும், அதனால இது முன்னைய விட அதிகமா கண்ணுல படுது. டேங்க் பாதி காலியா நாள்கணக்குல நின்னா ராத்திரி குளிர்ல உள்ள இருக்கற காத்து வேர்த்து துளித்துளியா இறங்கும், டீசல விட தண்ணி கனம், அடில போய் உக்காந்துக்கும். வேலை முடிஞ்சு வர்றப்ப டேங்க நிரப்பி நிறுத்துங்க, வேர்க்க இடமே இருக்காது. கால் டேங்குக்கு கீழ இறக்காதீங்க, ஹை பிரஷர் பம்ப்புக்கு எண்ணெயும் டீசல்தான் கூலிங்கும் டீசல்தான், காத்த உறிஞ்சினா தேஞ்சு இரும்புத்தூள் கொட்டும், அந்த தூள் ரெயில், நாலு இன்ஜெக்டர், ரிட்டர்ன் வழியா டேங்க் வரைக்கும் சுத்தி வரும். அப்பத்தான் நிஜமாவே எல்லாத்தையும் மாத்தணும்.

மருந்து இருக்கு, டீசல்ல கலக்கற பூஞ்சைக்கொல்லி. ஆனா தண்ணிய இறக்காம மருந்து மட்டும் ஊத்தினா செத்ததெல்லாம் மொத்தமா மிதந்து வந்து ஒரே நாள்ல ஃபில்டர அடைச்சிடும், நடுரோட்டுல நிப்பீங்க. முதல்ல டேங்க இறக்கி கழுவுங்க.

நெடுஞ்சாலை:

டேங்க் கழுவறதுன்னா தண்ணில கழுவிடாதீங்க, டீசல்லயே அலசி ஊத்துங்க. அப்புறம் டேங்குக்குள்ள உறிஞ்சற குழாய் முனைல சின்ன வலை இருக்கும், அதையும் எடுத்து பாருங்க, எல்லாரும் மறக்கற இடம் அது.

வேற ஒரு விஷயம், பங்க்ல அவசரத்துல பெட்ரோல் ஊத்திட்டா சாவிய திருப்பக்கூட கூடாது. டேங்குக்குள்ள பம்ப் இருக்கற வண்டில சாவி ஆன் ஆனாலே பெட்ரோல இழுத்து லைன் பூரா அனுப்பிடும், பெட்ரோல்ல வழுக்கல் கிடையாது, ஹை பிரஷர் பம்ப் தேஞ்சிடும். தள்ளி ஓரங்கட்டி டேங்க காலி பண்ணணும். புகைய சுத்தம் பண்ண தனி டேங்க்ல ஊத்தற யூரியா தண்ணிய டீசல் டேங்க்ல ஊத்தினாலும் இதே கதை, அது காஞ்சு உப்பு மாதிரி கட்டி பிடிக்கும். மூடி திறக்கறப்ப ஒரு செகண்ட் நின்னு பாருங்க, அவ்வளவுதான் நான் கேக்கறது.

டிராக்டர் வீடு:

இன்ஜெக்டர் கிளீனர்னு பாட்டில்ல விக்கறாங்களே, அது மாசாமாசம் ஊத்தலாமா?

ஸ்கேனர் கை:

நாசில் முனைல கரி கொஞ்சமா இருந்தா நல்ல டிடர்ஜென்ட் உள்ள கிளீனர் உதவும், தேஞ்சு போனத எந்த பாட்டிலும் சரி பண்ணாது, தண்ணியயும் மாயமாக்காது. தண்ணிய டீசலோட கலக்கி விடற வகை பாட்டில நான் காமன் ரெயில்ல ஊத்த சொல்லமாட்டேன், தண்ணிய பிரிக்கற செப்பரேட்டர்ல தங்க வேண்டிய தண்ணி இன்ஜெக்டர் வரைக்கும் போயிடும். சல்ஃபர் எடுக்கறப்ப டீசலோட வழுக்கலும் குறையும், அதுக்கு கம்பெனியே வழுக்கல் மருந்து கலந்துதான் அனுப்பறாங்க, ஐரோப்பிய தரம் ஈஎன் 590ல சல்ஃபர் ஒரு கிலோவுக்கு 10 மில்லிகிராம், தண்ணி 200 மில்லிகிராம்னு உச்சவரம்பே இருக்கு. அதனால ரெண்டு ஸ்ட்ரோக் ஆயில் கலக்கற பழக்கமும் தேவையில்ல, புகை வடிகட்டி இருக்கற வண்டில அந்த சாம்பல் அடைச்சிடும்.

வேன்காரனுக்கு ஒண்ணு, மனசு திருப்திக்கு இன்ஜெக்டர் ரிட்டர்ன் டெஸ்ட்டும் பண்ணிடுங்க. நாலு ரிட்டர்ன் வாயிலயும் ஒரே மாதிரி நாலு பாட்டில் மாட்டி ஐட்லிங்ல கொஞ்ச நேரம் ஓட விட்டா எதுல அதிகமா நிறையுதோ அது தேஞ்சது. பீசோ இன்ஜெக்டர்னா (கரண்ட் குடுத்தா விரியற படிகத்தால திறக்கற வகை) இப்படி பாட்டில் மாட்டாதீங்க, அதுக்கு ரிட்டர்ன்ல பிரஷர் நின்னாத்தான் வேலை செய்யும், தனி கிட் வேணும்.

வேன்காரன்:

மூணு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும், வேலை ஜாஸ்தி.

டேங்க இறக்கினோம். அடில களிமண் மாதிரி கறுப்பு கசடு, உறிஞ்சற குழாய் வலைல பாதி அடைப்பு. ரெண்டு தடவை டீசல்ல அலசி, காய வச்சு மாட்டி, மருந்து கலந்த டீசல் நிரப்பினேன். ஒரு வாரத்துல ஃபில்டர திரும்ப மாத்தினேன், எடுத்த ஃபில்டர வெட்டி பிரிச்சு பாத்தேன், பேப்பர் மடிப்பு பூரா கறுப்பு வழவழப்பு. அதுக்கு அடுத்த ரெண்டு வாரம் கழிச்சு அடி திருக திறந்தப்ப பாட்டில்ல ஒரு சொட்டுதான் தண்ணி, படலம் இல்ல.

ரிட்டர்ன் டெஸ்ட்டும் எடுத்தேன், என்னோடது பீசோ இல்ல. மூணு பாட்டில் சமம், மூணாவது சிலிண்டர் மட்டும் கொஞ்சம் கூடுதல், ஆனா மேனுவல் குடுத்த அளவுக்குள்ளதான் இருக்கு. அத தொடல, ஆறு மாசம் கழிச்சு திரும்ப அளக்கறதா நோட்டுல எழுதி வச்சிருக்கேன்.

பழைய ஸ்பேனர்:

ரொம்ப சந்தோஷம் தம்பி. மூணாவது சிலிண்டர தனியா கவனிங்க, இன்ஜின் ஆயில் மட்டம் குறையறதுக்கு பதிலா ஏறுச்சுன்னா, இல்ல ஆயில் குச்சில டீசல் வாசம் வந்தா, அன்னைக்கே வண்டிய நிறுத்திட்டு எழுதுங்க. இன்ஜெக்டர கழட்ட வேண்டி வந்தா அடில இருக்கற காப்பர் வாஷர் புதுசு போடணும், பழசு அடில ஒட்டிக்கிட்டு இருக்கும், அதை எடுத்துட்டோமான்னு டார்ச் அடிச்சு பாத்துக்கணும். புது இன்ஜெக்டர்னா அதுமேல பொறிச்சிருக்கற கோட் நம்பர ஸ்கேனர்ல ஏத்தணும், ஏத்தாம விட்டா ஐட்லிங்ல தட்டும்.

டிராக்டர் வீடு:

நாங்க பேரல மாத்திட்டோம். பழசோட அடில இருந்ததயும் கண்ணாடி பாட்டில்ல புடிச்சு அப்பாகிட்ட காட்டினேன், அவரே இப்ப ஞாயித்துக்கிழமை தவறாம திருக திறந்து பாக்கறார்.